கரைசலுக்குள் வெளிச்சத்தைத் தொலைப்பது எப்படி?

எம்.எஸ்சி. வேதியியல் ப்ராஜெக்ட்டில் அலுக்காத தலைப்பு ஒன்று உண்டு. மெத்திலீன் புளூ சாயத்தைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். டைட்டானியம் டைஆக்சைடு பொடியைத் தூவ வேண்டும். புறஊதா விளக்கைப் போட்டுவிட்டு நீலம் வெளுக்கும்வரை காத்திருக்க வேண்டும். நீலம் வெளுத்துவிடும், கவலை வேண்டாம். வம்பு வைவா அன்றுதான் வரும். வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல் தீஸிஸைப் பின்பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே, "கரைசலுக்குள்ள எவ்வளவு வெளிச்சம் போச்சும்மா?" என்பார்.

அந்தக் கேள்விக்குத் தப்பான பதிலைத் தயங்காமல், தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடு சொல்வதற்கான கையேடு இது. சரியான பதிலுக்குப் பாடப்புத்தகங்கள் இருக்கின்றன. நூலகத்தில் பத்திரமாக, மடிப்புக் கலையாமல் இருக்கின்றன.

தேவையானவை: துறைக்குப் பொதுவான ஒரு ஸ்பெக்ட்ரோ (ஒளி எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்), கீறல் விழுந்த குவெட் (அதில் வைக்கும் சின்னக் கரைசல் கிண்ணம்) இரண்டு, சாயக் கரைசல், செல்போன், மிகுந்த தன்னம்பிக்கை.

விதியைத் தெரிந்துகொள்ளுங்கள், மீறுவதற்கு வசதியாக இருக்கும்

கரைசலுக்குள் நுழையும் வெளிச்சத்தின் செறிவை ஐ-நாட் என்பார்கள். மறுபக்கம் வெளியே வருவது ஐ. ஐ-நாட்டை ஐ-ஆல் வகுத்து, பத்தடிமான லாக் எடுத்தால் ஆப்சார்பன்ஸ். பீர்-லாம்பர்ட் விதிப்படி இது சாயத்தின் செறிவுக்கும், ஒளி கடக்கும் தூரத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். திருப்பிப் போட்டால், ஐ என்பது ஐ-நாட்டைப் பத்தின் மைனஸ் ஆப்சார்பன்ஸ் அடுக்கால் பெருக்கக் கிடைப்பது. ஆப்சார்பன்ஸ் 0.3 என்றால் பாதி வெளிச்சம் வெளியே வரும். 1 என்றால் பத்து சதவீதம், 2 என்றால் ஒரு சதவீதம், 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று.

நெடுஞ்சாலையில் வரிசையாக டோல்கேட், ஒவ்வொன்றிலும் கையிலிருக்கும் பணத்தில் பாதியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். முதல் கேட்டில் போகும் தொகை பெரிது, பத்தாவது கேட்டில் போவது சில்லறை. கரைசலின் ஒவ்வொரு அடுக்கும் வெளிச்சத்திடம் இப்படித்தான் நடந்துகொள்கிறது. இதை 1729-லேயே கண்டு எழுதியவர் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர். அவரிடம் கருவி என்று பெரிதாக எதுவும் கிடையாது. மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு, இரண்டு பரப்பும் ஒரே பிரகாசமாகத் தெரிகிறதா என்று கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்த்தவர். சூரிய ஒளி முழுநிலவின் ஒளியைப்போல் சுமார் மூன்று லட்சம் மடங்கு என்று அந்த முறையிலேயே கணக்கிட்டார். இன்றைய கணக்கு சுமார் நான்கு லட்சம். மெழுகுவத்திக்கு இது பரவாயில்லை. 1760-இல் லாம்பர்ட் அதையே கணிதமாக ஒழுங்குபடுத்தினார். 1852-இல் அகஸ்ட் பீர் நிறக் கரைசல்களில் சிவப்பு ஒளியை அளந்து, செறிவையும் கணக்கில் சேர்த்தார். விதியின் பெயரில் பின்னால் வந்த இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள். பூகே பெரும்பாலும் வெளியே நிற்கிறார்.

கவனிக்க வேண்டிய ஒன்று: பூகே கடைசிவரை இரண்டு வெளிச்சங்களை ஒப்பிட்டார். ஆப்சார்பன்ஸ் என்பதும் ஒப்பீடுதான். அதற்கு வாட் கிடையாது, லக்ஸ் கிடையாது, எந்த அலகும் கிடையாது. இதை மறந்துவிட்டால் இந்தக் கையேட்டின் முக்கால்வாசி வேலை தானாக நடந்துவிடும்.

ரீடிங் எடுக்கும் முறை

கருவியின் ஸ்விட்ச்சைப் போட்டதும் அளக்கத் தொடங்குங்கள். விளக்கு சூடாகி நிதானத்துக்கு வர அரைமணி நேரம் கொடு என்று லேப் அட்டெண்டர் சொல்வார். அவருக்கு இருபது வருட அனுபவம் இருக்கலாம், உங்களுக்குப் பன்னிரண்டு மணிக்குப் பஸ் இருக்கிறதே.

குவெட்டைப் பிடிக்கும்போது வழவழப்பான பக்கத்தில் விரலை வையுங்கள். சொரசொரப்பான பக்கம் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டது, ஆகவே அதை ஒளி வரும் பாதையில் நிறுத்துங்கள். ரேகை படிந்தால் லேப் கோட்டின் நுனியில் துடைத்தால் போதும். கோட்டில் ஏற்கெனவே இருக்கும் மெத்திலீன் புளூவும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

பிளாங்க்குக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். வேண்டாம், காலிக் குவெட்டையே வைத்து ஜீரோ செய்யுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றிய குவெட்டை வைத்துப் பாருங்கள், மைனஸ் 0.03 போல ஒரு ரீடிங் வரும். தண்ணீர் வெளிச்சத்தை உற்பத்தி செய்கிறது! காரணம் வேறு என்று பொறாமைக்காரர்கள் விளக்குவார்கள். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் நாலு சதவீத ஒளி பிரதிபலித்துத் திரும்பிவிடும். காலிக் குவெட்டில் அப்படி நாலு பரப்பு. தண்ணீர் ஊற்றியதும் உள்ளே இருக்கும் இரண்டு பரப்புகளில் பிரதிபலிப்பு அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் தண்ணீர்க் குவெட் காலிக் குவெட்டைவிட அதிக ஒளியை அனுப்புகிறது. தண்ணீரைப் பிளாங்க்காக வைத்தால் இந்த இழப்பு இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். போய்விட்டால் உங்கள் கண்டுபிடிப்பும் போய்விடும்.

பொடியை வடிகட்டவோ சென்ட்ரிஃபியூஜில் போடவோ வேண்டாம். டைட்டானியம் டைஆக்சைடு மிதக்கும் பால் போன்ற கரைசலை அப்படியே ஸ்பெக்ட்ரோவில் வையுங்கள். பொடி ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். சிதறிய ஒளி டிடெக்டருக்கு வராது. வராததெல்லாம் உறிஞ்சப்பட்டது என்றே கருவி நினைக்கும். கருவியே அப்படி நினைக்கும்போது நாம் யார், மறுக்க?

ரீடிங் 3.217 என்று வந்தால் மூன்று தசமங்களையும் விடாமல் எழுதுங்கள். ஆப்சார்பன்ஸ் 3 என்றால் டிடெக்டருக்கு வர வேண்டியது ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி. கருவிக்குள் அங்கும் இங்கும் தெறித்து, கரைசல் வழியாக வராமலே டிடெக்டரைத் தொடும் கள்ள வெளிச்சமும் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால், உண்மையான 3 திரையில் 2.7 ஆகத் தெரியும். அதற்குமேல் எவ்வளவு சாயம் கொட்டினாலும் எண் 3-ஐத் தாண்டாது. எனவேதான் 0.2-க்கும் 1-க்கும் நடுவில் வரும்படி டைல்யூட் செய்து படி என்று கைடு சொல்கிறார். டைல்யூட் செய்தால் பைப்பெட் கழுவ வேண்டிவரும். யோசித்து முடிவெடுங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. மெத்திலீன் புளூ மூலக்கூறுகள் செறிவு கூடினால் ஜோடி சேர்ந்துகொள்ளும். தனி மூலக்கூறு 664 நானோமீட்டரில் உறிஞ்சும், ஜோடி 610 பக்கம் நகர்ந்துவிடும். அப்போது செறிவுக்கும் ஆப்சார்பன்ஸுக்கும் நேர்க்கோட்டு உறவு வளைந்துபோகும். வளைந்த புள்ளிகளின் நடுவில் ஸ்கேல் வைத்து நேர்க்கோடு இழுப்பது நம் ஆய்வகங்களின் நெடுநாள் மரபு.

கணக்கு

இங்கே இரண்டு பாரம்பரிய வழிகள் இருக்கின்றன. முதலாவது கிளார்க்ஸ் டேபிள் வழி. ஆப்சார்பன்ஸ் 0.6 என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 0.6-க்கு ஆன்டிலாக் பார்க்க வேண்டும். அதைப் பார் 1, புள்ளி 4 என்று மாற்றிப் பார்த்தால் 0.251, அதாவது நூற்றுக்கு இருபத்தைந்து. மைனஸைக் கண்டதும் பயந்து பார் 1, புள்ளி 6 என்று பார்த்தால் 0.398, நூற்றுக்கு நாற்பது. ஒரு பாரில் பதினைந்து சதவீத வெளிச்சம் லாபம்.

இரண்டாவது, கால்குலேட்டர் வழி. பத்தின் அடுக்குக்குப் பதிலாக ஈ-யின் அடுக்கை அழுத்துங்கள். ஆப்சார்பன்ஸ் 2 என்றால் சரியான விடை ஒரு சதவீதம். ஈ-யை அழுத்தினால் பதின்மூன்றரை சதவீதம் வரும். இடையில் 2.303 என்ற எண்ணை எங்கோ பெருக்க வேண்டும் என்று மங்கலாக நினைவு வரும். பெருக்க வேண்டுமா வகுக்க வேண்டுமா என்று தெரியாதபோது விட்டுவிடுவதே நாகரிகம்.

உறிஞ்சப்பட்ட ஒளியைக் கணக்கிட, ஆப்சார்பன்ஸை அப்படியே உறிஞ்சப்பட்ட அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சாயத்தை இரட்டிப்பாக்கி ஆப்சார்பன்ஸ் 1-லிருந்து 2 ஆனால், உறிஞ்சப்பட்ட ஒளியும் இரட்டிப்பு. (நிஜத்தில் 90 சதவீதத்திலிருந்து 99 சதவீதம் ஆகும், பத்தில் ஒரு பங்கு கூடுதல், அவ்வளவே. முதல் 90 போன பிறகு மிச்சமிருந்தது பத்துதானே.)

ஐ-நாட் என்ற தொல்லை

கையேட்டின் இதயம் இந்தப் பகுதி. ஸ்பெக்ட்ரோ உங்களிடம் விகிதத்தை மட்டும் தருகிறது. நூறு ரூபாயில் பத்து ரூபாய் மிச்சமா, பத்து லட்சத்தில் லட்சம் மிச்சமா என்று அதற்குத் தெரியாது. செறிவை வாட்டிலோ ஃபோட்டான் எண்ணிக்கையிலோ சொல்ல வேண்டுமானால், உள்ளே நுழைந்தது எவ்வளவு என்று தனியாக அளந்தாக வேண்டும். அளக்காமல் சமாளிக்க மூன்று வழிகள்.

விளக்கின் மேல் 125 வாட் என்று எழுதியிருக்கும், அதையே ஐ-நாட் ஆக்குங்கள். அது மீட்டரில் ஓடும் மின்சாரம். அதில் எவ்வளவு ஒளியாகிறது, அந்த ஒளியில் எவ்வளவு நீங்கள் சொல்லும் அலைநீளத்தில் இருக்கிறது, அதிலும் எவ்வளவு பீக்கர் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் உபரிக் கேள்விகள்.

இல்லாவிட்டால் செல்போனில் லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றை இறக்குங்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசம் என்று பார்க்கும் அளவு. பகல் வெளிச்சத்தில் கண் மிக அதிகமாக உணர்வது 555 நானோமீட்டர் பச்சையை. உங்கள் விளக்கின் 365 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, எனவே லக்ஸ் கணக்கில் அது கிட்டத்தட்ட இருட்டு. ஆப் ஏதோ ஓர் எண் காட்டும், அது அறையின் டியூப்லைட்டுடையதாக இருக்கும். தீஸிஸில் அழகாகத்தான் இருக்கும்.

மூன்றாவது வழி எல்லாவற்றிலும் எளிது: ஸ்பெக்ட்ரோவின் ஒளியும் விளக்கின் ஒளியும் ஒன்றே என்று எண்ணிக்கொள்வது. 664-இல் எடுத்த ஆப்சார்பன்ஸை 365-இல் எரியும் விளக்குக்குப் போட்டுக் கணக்கை முடிக்கலாம். ஒவ்வொரு அலைநீளத்துக்கும் சாயத்தின் பசி வேறு. மெத்திலீன் புளூ 664-இல் விழுங்குவதுபோல் 365-இல் விழுங்காது. மொட்டைமாடி வெயிலில் வைத்தவர்களுக்கு இன்னும் நல்லது. சூரியன் எல்லா அலைநீளத்தையும் ஒரே நேரத்தில் அனுப்புகிறது, நீங்கள் ஒரே எண்ணால் எல்லாவற்றையும் அடித்துவிடலாம்.

வைவாவில் பேச்சு இப்படிப் போகும்:

"ஐ-நாட் எவ்வளவும்மா?"

"ஆப்சார்பன்ஸ் 2 சார்."

"அது இல்லம்மா, ஐ-நாட்."

"ஐ-நாட்டை ஜீரோ பண்ணிட்டோம் சார். பிளாங்க் வெச்சு."

இந்த இடத்தில் கைடு ஜன்னல் பக்கம் பார்ப்பார். நீங்களும் பாருங்கள்.

ஐ-நாட் தெரியாமலே பிழைத்தவர்களும் இருக்கிறார்கள் என்று வாதாடலாம், வாதத்தில் நியாயம் உண்டு. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிக்கொண்ட பல்ஸ் ஆக்சிமீட்டர் அப்படிப்பட்டது. தோல், எலும்பு, நகம் என்று எல்லாம் இருக்கும் விரலுக்குள் எவ்வளவு ஒளி நுழைந்தது என்று யாரும் அளக்க முடியாது. 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவொயாகி, நாடி துடிக்கும்போது ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்து, சிவப்பிலும் அகச்சிவப்பிலும் வரும் மாற்றங்களை ஒன்றால் ஒன்றை வகுத்தார். நுழைந்த ஒளியின் அளவு வகுத்தலில் அடிபட்டுப் போயிற்று. ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது ஆக்சிஜன் சதவீதம். சதவீதம் கேட்டவருக்கு விகிதம் போதும். உங்களிடம் கேட்கப்பட்டது ஒளியின் செறிவு.

பீக்கருக்குள் இறங்குங்கள்

குவெட்டின் தடிமன் 1 செ.மீ. உங்கள் பீக்கரில் கரைசல் 5 செ.மீ. ஆழம். இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். ஏனென்றால் கண்டுகொண்டால் வயிறு கலங்கும்.

விளக்கின் அலைநீளத்தில் குவெட்டுக்கு ஆப்சார்பன்ஸ் 2 என்று வையுங்கள். பொடியை மறந்துவிட்டு, மேலிருந்து ஒளி நேராக இறங்குவதாகக் கொண்டால், பீக்கருக்கு ஆப்சார்பன்ஸ் 10. மேலே விழும் வெளிச்சத்தில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அடியைத் தொடும். முதல் ஒரு மில்லிமீட்டரிலேயே 37 சதவீதம் போய்விடும், அரை சென்டிமீட்டரில் 90 சதவீதம் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் நாலரை சென்டிமீட்டரில் இருக்கும் சாயமும் வினையூக்கிப் பொடியும் அநேகமாக இருட்டில் மிதக்கின்றன. ஸ்டிரர் சுற்றுவதால்தான் அவற்றுக்கு மேலே வந்து வெயில் காணும் முறை கிடைக்கிறது. சாயத்தின் அளவைக் கூட்டினால் வினை வேகம் சதவீதத்தில் குறைகிறது என்று தீஸிஸ்களில் எழுதி, வினையூக்கியின் பரப்பு நிரம்பிவிட்டது என்று காரணம் சொல்வது வழக்கம். அதுவும் ஒரு காரணம்தான். சாயமே குடை பிடித்து வெளிச்சத்தை மறைத்தது என்பது அடுத்த காரணம், அதை எழுதினால் ஐ-நாட் கேட்பார்கள்.

சராசரி வேண்டுமென்றால் மேலே இருக்கும் ஒளிச் செறிவையும் கீழே இருக்கும் ஒளிச் செறிவையும் கூட்டி இரண்டால் வகுங்கள். ஆப்சார்பன்ஸ் 1 உள்ள கரைசலில் மேலே 100, கீழே 10, ஆகவே சராசரி 55. வெளிச்சம் நேர்க்கோட்டில் குறைந்தால் இது சரி. அது அடுக்கடுக்காகச் சரிவதால், பத்தின் மைனஸ் ஆப்சார்பன்ஸ் அடுக்கை ஒன்றிலிருந்து கழித்து, 2.303-ஐ ஆப்சார்பன்ஸால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். விடை 39. (2.303 எங்கே வர வேண்டும் என்று இப்போது தெரிந்திருக்கும்.) ஆப்சார்பன்ஸ் 2-க்கு 21 அல்லது 22, 10-க்கு வெறும் 4. புறஊதா விளக்கால் குடிநீரைக் கிருமிநீக்கம் செய்வதற்கான ஆய்வகச் சோதனைகளில் இந்தச் சராசரியைத்தான் பார்க்கிறார்கள். பாத்திரத்தின் அடியில் இருக்கும் கிருமி 55-ஐ நம்பிச் சாவதில்லை.

இதை மட்டும் செய்துவிடாதீர்கள்

ஐ-நாட்டை அளக்க 1956-இல் ஹாட்சார்ட், பார்க்கர் என்ற இருவர் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட பொட்டாசியம் ஃபெரிஆக்சலேட் முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இதைச் செய்துவிட்டால் மேலே சொன்ன அறிவுரைகள் அத்தனையும் வீணாகும். அதன் பச்சைப் படிகத்தைச் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கரைத்து, சாயம் வைத்த அதே இடத்தில், அதே பீக்கரில், அதே விளக்கடியில் சில நிமிடம் வைக்க வேண்டும். விழும் புறஊதா ஒளியைக் கரைசல் ஏறக்குறைய முழுவதும் விழுங்கி, இரும்பு மூன்றை இரும்பு இரண்டாக மாற்றும். பினாந்த்ரோலின் சேர்த்தால் செம்மஞ்சள் நிறம் வரும். அதை 510 நானோமீட்டரில் ஸ்பெக்ட்ரோவில் படிக்க வேண்டும்.

அந்த ஆப்சார்பன்ஸை 11,100-ஆல் வகுத்தால் ஒரு சென்டிமீட்டர் குவெட்டுக்கு இரும்பின் செறிவு, லிட்டருக்கு மோல் கணக்கில். டைல்யூட் செய்ததைச் சரிக்கட்டி, ஒளி பட்ட கரைசலின் கன அளவால் பெருக்கினால் மொத்த இரும்பு. 365 நானோமீட்டருக்கு ஒரு ஃபோட்டானுக்குச் சுமார் 1.2 இரும்பு உருவாகும் என்பதால் 1.2-ஆல் வகுத்து, ஒளி பட்ட வினாடிகளாலும் வகுத்தால், கரைசலுக்குள் வினாடிக்கு எத்தனை மோல் ஃபோட்டான் நுழைந்தது என்று கைக்கு வந்துவிடும். ஒரு மோல் 365 நானோமீட்டர் ஃபோட்டானுக்குச் சுமார் 328 கிலோஜூல். பெருக்கினால் வாட். எக்ஸ்டெர்னலுக்கு அடுத்த கேள்வி இருக்காது.

ஆப்சார்பன்ஸிலிருந்து வெளிச்சத்தின் அளவைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்டால், முடியும். இதுதான் அது. உங்கள் சாயத்தின் ஆப்சார்பன்ஸ் அதற்கு உதவாது. ஒரு ஃபோட்டானுக்கு எத்தனை மூலக்கூறு மாறும் என்று முன்பே அளந்து வைத்த கரைசலின் ஆப்சார்பன்ஸ் வேண்டும்.

பினாந்த்ரோலின் வாங்கத் துறையில் பணம் இல்லையென்றால், பக்கத்துக் கட்டடத்தில் இயற்பியல் துறைக்காரர்களிடம் ஆப்டிகல் பவர் மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். அது 365 நானோமீட்டரைப் படிக்குமா என்று முதலில் பாருங்கள். கரைசலின் மேற்பரப்பு இருக்கும் அதே உயரத்தில் வைத்து அளந்து, விளக்கின் தூரம், அலைநீளம், கரைசலின் ஆழம் மூன்றையும் ரெக்கார்டில் எழுதுங்கள். மீட்டரைச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வருடம் உங்கள் ஜூனியர்களும் கேட்டுப் போவார்கள்.